ரம்லத்துக்குப் பிடிக்காத சிஸ்டங்கள்

கம்பத்தில் மெயின் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் ரம்லத் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தாள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, ஏலக்காய்க் கடை பில் புத்தகம், பள்ளிக்கூடக் கேள்வித்தாள் என்று அந்த வட்டாரத்தில் தமிழில் அச்சாக வேண்டியது எதுவானாலும் அங்கே டைப் ஆகி, டிரேசிங் பேப்பரில் பிரிண்ட் ஆகி, அச்சகத்துக்குப் போகும். தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவள். வந்தவரிடம் பேசிக்கொண்டே, அவர் சொல்வதில் பாதியை மதிக்காமலே, பிழையில்லாமல் அடித்துக் கொடுத்துவிடுவாள்.

மதிக்காமல் இருப்பது அவளுக்கு மூச்சு விடுவதுபோல. முதலில் உத்தமபாளையத்தில் ஒரு சென்டரில்தான் வேலை பார்த்தாள். அந்த முதலாளி 'திருமணம்' என்ற சொல்லுக்கு இரண்டு சுழி 'ன' போட்டு ஒரு பத்திரிகையை அச்சுக்கு அனுப்பிவிட்டான். கேட்டதற்கு, "படிக்கிறவகளுக்குப் புரியும்ல?" என்றான். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். புருஷன் நூர் முகம்மதுவுக்குச் சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம். பொறுமையான மனிதர். மனைவி இனி ஒருத்தனிடமும் வேலைக்குப் போக மாட்டாள், போனாலும் ஒருத்தனும் வைத்துக்கொள்ள மாட்டான் என்பது அவருக்குப் புரிந்தது. அந்த வருஷம் திராட்சை நல்ல விலைக்குப் போயிருந்ததால் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். இது நடந்தது 1998-இல்.

கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிவந்து பூட்டிக் கொடுத்தவன் தேனி கோட்டைச்சாமி. அந்தக் காலத்தில் போடியிலிருந்து கூடலூர் வரை பாதிக் கம்ப்யூட்டர்கள் அவன் கையால் பூட்டியவை. சட்டைப்பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர், தோள்பையில் திருட்டு சிடிகள், இவைதான் அவன் படித்த படிப்பு. மெஷினுக்கு என்ன கோளாறு வந்தாலும் அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: ஃபார்மட். காய்ச்சலுக்கு வந்தவனையும் கால் சுளுக்கிக்கொண்டு வந்தவனையும் ஒரே மாதிரி மொட்டையடித்து அனுப்புகிற டாக்டர்.

1999 ஏப்ரலில், கல்யாண சீசன் உச்சத்தில் இருக்கும்போது, ஒரு காலையில் ரம்லத்தின் மெஷின் எழுந்திருக்கவில்லை. விசிறி சுற்றியது, திரை கறுப்பாக நின்றது. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் கடைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். கோட்டைச்சாமி மத்தியானத்துக்கு மேல் வந்து மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, செத்த வீட்டுக்கு வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

"வைரஸ்க்கா. இன்னைக்கு ஒலகம் பூராம் இப்படித்தான் போச்சாம். நம்ம என்ன செய்ய முடியும்?"

"ஒலகத்த விடு. என் கடைக்குள்ள எப்படி வந்துச்சு?"

"எந்த சிடிலயாவது வந்திருக்கும்."

"எனக்கு சிடி குடுக்குற ஒரே ஆளு நீதான்."

கோட்டைச்சாமி தோள்பைக்குள் கையை விட்டான். "அதுக்குத்தான்க்கா, வைரஸ் மருந்து சிடி ஒன்னும் கையோட கொண்டாந்திருக்கேன்."

"அது எங்கன வாங்குன?"

"அதுவும் காப்பிதான்க்கா."

அடித்து வைத்திருந்த பத்திரிகைகள் எல்லாம் போயின. வேறு வழியில்லை. உத்தமபாளையத்துக்குப் போய், இரண்டு சுழி 'ன' போட்டவனிடமே ஒரு மெஷினைக் கேட்டு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி அடித்தாள். அந்த முதலாளி பின்னால் நின்று சிரித்துக்கொண்டே இருந்தான். அந்தச் சிரிப்பை அவளால் மறக்க முடியவில்லை. கோட்டைச்சாமியின் சிடியை நம்பி இனி ஒரு நாளும் இன்னொருவன் கடையில் போய் உட்காரக் கூடாது என்று பஸ்ஸில் திரும்பும்போது முடிவு செய்தாள். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய, வைரஸ் வராத சிஸ்டம் ஒன்று இருப்பதாக ஏதோ கம்ப்யூட்டர் பத்திரிகையில் படித்திருந்தாள். அந்தப் பத்திரிகை தேனி பஸ் ஸ்டாண்டில் கிடைத்தது. அட்டையில் இலவசமாக ஒரு சிடி ஒட்டியிருந்தார்கள். சிவப்புத் தொப்பி படம் போட்ட லினக்ஸ்.

அதுதான் முதல் சிஸ்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிடியை உள்ளே தள்ளி, அது இங்கிலீஷில் கேட்ட கேள்விக்கெல்லாம் என்டர் தட்டினாள். கோட்டைச்சாமி மெஷினைச் சரிசெய்து திரும்பப் போட்டுக் கொடுத்திருந்த விண்டோஸை அது சுத்தமாகத் துடைத்துவிட்டது. கேட்டுவிட்டுத்தான் துடைத்தது, அவள்தான் படிக்கவில்லை. கடைசியில் ஒரு கறுப்புத் திரை, அதில் ஒரே ஒரு வரி: உன் பெயர் என்ன?

"எங்க வீட்டுக்குள்ள வந்து ஒக்காந்துக்கிட்டு என்னைய யாருன்னு கேக்குது" என்றாள் ரம்லத்.

நூர் முகம்மது சாயா குடித்துக்கொண்டிருந்தார். "பேரச் சொல்லேன். என்ன இப்ப?"

பெயரைச் சொன்னாள். இன்னொரு கறுப்பு வரி வந்தது. அதற்கு மேல் அதற்கு என்ன வேண்டும் என்று அவளுக்கும் தெரியவில்லை, அதுவும் சொல்லவில்லை. திங்கட்கிழமை கோட்டைச்சாமி வந்து விண்டோஸைப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனான். பேசாமல் போனதுதான் அவளுக்கு எரிச்சல்.

இருந்தாலும் விடவில்லை. அடுத்த திராட்சை வெட்டு முடிந்ததும் இரண்டாவதாக ஒரு மெஷினை வாங்க வைத்தாள். ஒன்று பிழைப்புக்கு, ஒன்று பரிசோதனைக்கு. பரிசோதனை மெஷின் கடையின் உள்மூலையில் கறுப்புத் திரையோடு நின்றது. அந்தத் திரையைப் பார்த்துத்தான் ஞானசிகாமணி அவள் வாழ்க்கைக்குள் வந்தார்.

ஞானசிகாமணி ராயப்பன்பட்டிக்காரர். ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவர். கேள்வித்தாள் அடிக்க வந்தவர், மூலையைப் பார்த்ததும், திருவிழாக் கூட்டத்தில் சொந்த ஊர்க்காரனைக் கண்ட மாதிரி ஆகிவிட்டார்.

"மேடம், நீங்க லினக்ஸா!"

"இல்ல சார், ராவுத்தர்."

அவர் அதைக் கவனிக்கவில்லை. பேச ஆரம்பித்தால் எதையும் கவனிக்காத ஆள். யாருக்கும் அடிமைப்படாத மென்பொருள், எவனும் திறந்து பார்க்கலாம், எவனும் திருத்தலாம், எவனும் பங்கு போடலாம் என்று ஒரு முழுப் பிரசங்கம் செய்தார். கேள்வித்தாள் பாதியில் நின்றது.

"சுதந்திரம் மேடம். இது சுதந்திரம்."

"சுதந்திரம் இருக்கட்டும் சார். என் பிரிண்டர் ஓடுமா?"

"பிரிண்டர் கம்பெனிக்காரன் அதோட ரகசியத்தத் தர மாட்டேங்கிறான். அது அவன் தப்பு."

"அப்ப ஓடாது."

"பிரிண்டர ஓட்டுற டிரைவர் புரோகிராம நாமளே எழுதலாம் மேடம்."

"நீங்க எழுதுவீகளா?"

"யாராவது எழுதுவாக."

அந்த 'யாராவது' என்ற ஆளை ரம்லத் அடுத்த பத்து வருஷத்தில் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஆனால் ஞானசிகாமணியை அடிக்கடி பார்த்தாள். வரும்போதெல்லாம் ஒரு புது சிடி கொண்டு வருவார். போன தடவை வானளாவப் புகழ்ந்த சிஸ்டத்தை இந்தத் தடவை திட்டுவார். அவருடைய சொந்தக் கம்ப்யூட்டரில் மாதம் ஒரு சிஸ்டம் ஏறும், இறங்கும். அதில் அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால், அடுத்த சிஸ்டத்தை இறக்குகிற வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வித்தாள் அடிக்க மட்டும் கம்பத்துக்கு வருவார், அதுவும் விண்டோஸ் மெஷினில்.

"இந்தாளு காலம் பூராம் வீட்டுக்கு வெள்ளையடிச்சுக்கிட்டே இருக்காரு, ஒரு நாளாச்சும் உள்ள குடியிருக்க மாட்டேங்கிறாரு" என்பாள் ரம்லத், அவர் படியிறங்கிய பிறகு. சில சமயம் இறங்குவதற்கு முன்பே.

ஆனாலும் அவர் கொடுத்த சிடியை எல்லாம் போட்டுப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்வதற்காவது பார்க்க வேண்டுமே.

மந்திரவாதித் தொப்பியும் நட்சத்திரமும் போட்ட மாண்ட்ரேக் வந்தது. பார்க்க அழகாக இருந்தது. அதுவே அவளுக்குச் சந்தேகம். பொத்தானெல்லாம் பளபளவென்று, கல்யாண மண்டபத்துச் சீரியல் லைட் மாதிரி. மினுக்குகிற சாமான் வேலை செய்யாது என்பது அவள் கட்சி. அவள் பிரிண்டரும் அதில் ஓடவில்லை, கட்சி ஜெயித்தது.

அடுத்து, பச்சோந்திப் படம் போட்ட சூசே. ஒரு பெட்டி நிறைய சிடிகள். கடிதம் எழுத நாலைந்து புரோகிராம், படம் பார்க்க நாலைந்து, பாட்டுக் கேட்க நாலைந்து என்று அத்தனையும் உள்ளே. ஞானசிகாமணி அதைப் பெருமையாகச் சொன்னார். "எத்தன சாய்ஸ் பாருங்க மேடம்." ரம்லத் பார்த்தாள். "ஒரு இட்லி கேட்டவனுக்கு ஓட்டல் சாவியக் குடுக்குறீக" என்றாள்.

தமிழிலேயே மெனு வரும் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். இதை அவள் ஆசையோடு போட்டாள். ஒத்துக்கொள்ள மாட்டாள், ஆனால் ஆசைதான். திரை தமிழில் வந்தது. அந்தத் தமிழைக் கம்பத்தில் எவனும் பேசியதில்லை, மதுரையிலும் பேசியதில்லை, பேசியிருந்தால் தனியாகத்தான் பேசியிருப்பான். எங்கோ குளிர் ஊரில் உட்கார்ந்துகொண்டு, அகராதியை மடியில் வைத்து, தூக்கக் கலக்கத்தில் மொழிபெயர்த்திருந்தார்கள். அழிக்கிற பொத்தானைத் தேடி எதையோ அழுத்தினாள். எழுத்து முழுக்கச் சாய்ந்து படுத்துக்கொண்டது. "நாலு சொல்லு பேசுற தமிழ்ல போட முடியாதவனுக்கு எதுக்கு ஊருக்கு சேவை?" என்று இங்கிலீஷுக்கே திரும்பினாள்.

எல்லாவற்றுக்கும் உச்சம் ஜென்டூ. அதில் எதுவும் தயாராக இருக்காது. சிஸ்டத்தை மூல நிரலிலிருந்து மெஷினே சமைத்துக்கொள்ள வேண்டும். ஞானசிகாமணி காலையில் வந்து ஆரம்பித்து வைத்தார். திரையில் எழுத்துகள் மழை மாதிரி ஓடின. சாயங்காலம் வரை ஓடின. மறுநாளும் ஓடின. நடுவில் கரண்ட் போனது.

"விட்ட எடத்துல இருந்து தொடங்கும்" என்றார்.

தொடங்கவில்லை.

"மேடம், இது நம்ம மெஷினுக்குன்னே அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி. கொஞ்சம் பொறுக்கணும்."

"சட்டை தைக்கக் குடுத்தா பருத்தி வெதைக்கச் சொல்றீக. எந்திரிங்க சார்."

நோபிக்ஸ் என்று ஒன்று, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் சிடியிலிருந்தே ஓடியது. எந்த மெஷினில் போட்டாலும் எழுந்து நின்றது. ரம்லத் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். ஆனால் அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால், செய்து வைத்தது ஒன்றும் இல்லை.

"சொன்னது எல்லாத்தையும் மறந்துருது. வீட்டுல ஏற்கனவே ஒருத்தர் அப்படி இருக்காக. கடைலயும் வேணாம்."

அந்த ஒருத்தர்தான் கழித்துக்கட்டிய சிடிகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டு போனார். திராட்சைப் பந்தலில் நூல் கட்டித் தொங்கவிட்டால் வெயிலில் மின்னும், மைனாவும் கிளியும் கிட்டே வராது. உலகத்து மேதாவிகள் பலர் கூடி உழைத்துச் செய்த சிஸ்டங்கள் அங்கே பன்னீர்த் திராட்சைக்குக் காவல் இருந்தன. ஞானசிகாமணி ஒருமுறை தோட்டத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, முகம் சுண்டிப்போய் நின்றார். "எதுக்காச்சும் ஆச்சுல்ல சார்" என்றார் நூர் முகம்மது. அவர் நிஜமாகவே நன்றியோடுதான் சொன்னார்.

2005-இல் உபுண்டு வந்தது. கேட்டால் வெளிநாட்டிலிருந்து தபாலில் இலவசமாக அனுப்புகிறார்கள் என்று ஞானசிகாமணி சொல்ல, ரம்லத்தே எழுதிப் போட்டு வாங்கினாள். திரை மண் நிறத்தில் இருந்தது. "சாணி மொழுகுன கலர்" என்றாள். ஆனால் மாட்டியதும் பிரிண்டர் ஓடியது. அதற்குள் பழைய பிரிண்டரும் போய்ப் புதிது வந்திருந்தது. இன்டர்நெட் வந்தது. தமிழ் டைப்ரைட்டர் விசையிலேயே யூனிகோட் தமிழ் அடிக்க முடிந்தது. விண்டோஸ் மெஷினில் ஊருக்கு ஒரு எழுத்துரு. ஒரு கடையில் அடித்ததை இன்னொரு கடையில் திறந்தால் கோழி கிளறின மாதிரி இருக்கும். இதில் அந்தச் சிக்கல் இல்லை. சில நாள் தட்டிப் பார்த்தாள். திட்டுவதற்கு நிறத்தைத் தவிர வேறு எதுவும் அகப்படவில்லை.

அங்கேதான் அவள் ஏமாந்தாள்.

சுருளிப்பட்டி சுருளியாண்டி, நூர் முகம்மதுவின் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டக்காரர். மகள் கொடியரசிக்குக் கல்யாணம். பத்திரிகையை ரம்லத் அந்தப் புது சிஸ்டத்தில் அடித்தாள். கடையில் அப்போது வேல்விழி வேலைக்கு இருந்தாள், கூடலூர்க்காரி, பி.காம். படித்தவள், இரண்டு பிள்ளைக்குத் தாய். டிரேசிங் பேப்பர் பிரிண்டரிலிருந்து வெளியே வரும்போது, "அக்கா, புது சிஸ்டம். ஒருக்காப் படிச்சுப் பாத்துருவமா?" என்று கேட்டாள்.

"நான் அடிச்சதுல என்னத்தப் பாக்கப் போற?" என்றாள் ரம்லத். பேப்பரைச் சுருட்டி அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டாள்.

திரையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிரிண்டருக்குப் போகும் வழியில் கொம்பு இடம் மாறிவிட்டது. எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு, பின்னால் போய்த் துணைக்காலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கொடியரசியின் பெயரில் முதல் எழுத்தே முறிந்து கிடந்தது. தாய்மாமன் பெயர் சொக்கன். அதுவும் முறிந்து கிடந்தது. அச்சகத்துக்காரன் வந்ததை அப்படியே அடித்துக் கொடுத்தான். அவன் படிப்பான் என்று எதிர்பார்ப்பது அவன் தொழிலையே தெரியாதவர்கள் செய்கிற காரியம். சுருளியாண்டியும் வாங்கிக்கொண்டு போய், மஞ்சள் தடவிய கையோடு பாதிச் சொந்தத்துக்குக் கொடுத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து ஒரு பத்திரிகையோடு கடைக்கு வந்தார். கோபப்படத் தெரியாத மனிதர். பத்திரிகையைக் கண்ணாடி மேஜைமேல் வைத்து, விரலால் தொட்டுக் காட்டினார்.

"தாயி, எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். எம்புள்ள பேரு இப்படியா எழுதுறது?"

ரம்லத் பார்த்தாள்.

"மச்சான் பத்திரிகைய வாங்க மாட்டேன்னுட்டாக" என்றார் சுருளியாண்டி. "பேர ஒடச்சுப் போட்டுக் கூப்புடுறியா, நான் வரலன்னு சொல்லிட்டாக. தாய்மாமன் இல்லாம எப்படித் தாயி முகூர்த்தம் வைக்கிறது?"

வேல்விழி குனிந்து எதையோ அடுக்கிக்கொண்டிருந்தாள். 'அப்பவே சொன்னேன்' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ரம்லத்துக்குத் தேவலை. திட்ட ஒரு ஆளாவது கிடைத்திருக்கும்.

அன்றைக்கே பழைய விண்டோஸ் மெஷினில் உட்கார்ந்து, முழுவதையும் மறுபடி அடித்தாள். வரி வரியாக வேல்விழியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். தானே அச்சகத்தில் நின்று வாங்கினாள். பிறகு நூர் முகம்மதுவின் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்து, சுருளிப்பட்டியில் பத்திரிகை போன வீட்டுக்கெல்லாம் போனாள். பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தாள். சில வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில் பழையதே அழகாக இருக்கிறது என்று தர மறுத்தார்கள். எதற்கும் அவள் பதில் பேசவில்லை என்று நூர் முகம்மது பிற்பாடு ஆச்சரியத்தோடு சொல்வார்.

தாய்மாமன் வீட்டுக்குக் கடைசியாகப் போனாள். சொக்கன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"கம்ப்யூட்டர் வச்சிருக்கவுக நீங்கதானா?"

"ஆமாங்க."

"கம்ப்யூட்டர் தப்பா, ஆளு தப்பா?"

சொல்ல எத்தனையோ இருந்தது. சிஸ்டம், எழுத்துரு, பிரிண்டர், வெளிநாடு. கோட்டைச்சாமியாக இருந்தால் உலகத்தையே இழுத்திருப்பான். ஞானசிகாமணியாக இருந்தால் கம்பெனிக்காரனை இழுத்திருப்பார். இவர்கள் இருவரையும் நினைத்ததும் ரம்லத்துக்குச் சொல்ல வேண்டியது தெரிந்துவிட்டது.

"ஆளு தப்புதாங்க. படிச்சுப் பாக்காம விட்டேன்."

சொக்கன் புதுப் பத்திரிகையை வாங்கித் தன் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். மனைவியைக் கூப்பிட்டு மோர் கொண்டுவரச் சொன்னார். முகூர்த்தத்துக்கும் வந்தார்.

அந்த வாரமே ஞானசிகாமணி வந்தார். நடந்ததைக் கேட்டு முகம் மலர்ந்தது. "அது தெரிஞ்ச கோளாறுதான் மேடம். அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிருவாக. நான் இப்ப அதுல இல்ல, வேற ஒன்னுக்கு மாறிட்டேன்" என்று பையைத் திறந்தார்.

"பைய மூடுங்க சார்."

"இது ரொம்ப..."

"நீங்க மாறுவீக. ஒங்களுக்கு என்ன? ஒங்க சிஸ்டத்துல யாரு கல்யாணமும் நடக்குறது இல்ல. இனிமே கேள்வித்தாள் மட்டும் கொண்டாங்க. சிடி கொண்டாராதீக."

அவர் புண்பட்டார். போகும்போது பையிலிருந்து ஏதோ கழிசல்களை மேஜையில் வைத்துவிட்டு, "தோட்டத்துக்கு வச்சுக்கங்க" என்றார். நாலு சிடிகள். அதில் மூன்று பந்தலுக்குப் போயின. நாலாவதன் உறையில் படம் இல்லை, தொப்பி இல்லை, பச்சோந்தி இல்லை. டெபியன் என்று பேனாவால் எழுதியிருந்தது. படியிறங்குமுன் அதைப் பற்றிக் கேட்டபோது ஞானசிகாமணி உதட்டைப் பிதுக்கியிருந்தார்: "அது கெழவங்க சிஸ்டம் மேடம். புதுசா ஒன்னுமே வராது."

புதிதாக ஒன்றும் வராது என்ற சொல் ரம்லத்தின் காதில் தேனாக விழுந்தது. ஆறேழு வருஷமாகப் புதுசைத்தானே பார்த்துப் பார்த்து வெறுத்திருந்தாள்.

போட்டாள். கேள்விகளை இந்த முறை ஒவ்வொன்றாகப் படித்தாள். தெரியாததை வேல்விழி இன்டர்நெட்டில் தேடிச் சொன்னாள். நீலத்தில் ஒரு வெறும் திரை வந்தது. வரவேற்கவில்லை, வாழ்த்தவில்லை, நட்சத்திரம் காட்டவில்லை. கொம்பு விஷயத்தைச் சரிசெய்ய இருவரும் மல்லுக்கட்டினார்கள். பிரிண்டருக்கு நேராக அனுப்பாமல், முதலில் பி.டி.எஃப். ஆக்கி, அதைப் பிரிண்ட் எடுத்தால் கொம்பு இருந்த இடத்தில் இருக்கிறது என்பதை வேல்விழிதான் தற்செயலாகக் கண்டுபிடித்தாள். எழுத்துருவையும் ஒன்றே ஒன்று என்று முடிவு செய்தார்கள். அதன்பின் ஒவ்வொரு டிரேசிங்கையும் ஒருத்தி படிக்க ஒருத்தி கேட்க, பிறகுதான் அச்சுக்குப் போனது. கண்ணீர் அஞ்சலியைக்கூட அப்படித்தான் படித்தார்கள். கடைக்கு வந்தவர்கள் துக்கத்தில் சேர்ந்து நின்றார்கள்.

கொஞ்ச நாளில் பரிசோதனை மெஷின் பிழைப்பு மெஷின் ஆனது. விண்டோஸ் மெஷின் மூலைக்குப் போனது.

"இது பிடிச்சிருச்சா?" என்று கேட்டார் நூர் முகம்மது.

"எம்மேல வந்து விழாம அது பாட்டுக்குக் கெடக்கு" என்றாள்.

பிறகு பென் டிரைவ் காலம் வந்தது. கல்லூரிப் பிள்ளைகள் கழுத்தில் தாயத்து மாதிரி கட்டிக்கொண்டு அலைந்தார்கள். ஊர் முழுக்க ஒருவன் மெஷினிலிருந்து இன்னொருவன் மெஷினுக்கு வைரஸ் சொந்தம் கொண்டாடியது. கோட்டைச்சாமி நாள் முழுக்க ஃபார்மட் அடித்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் ரம்லத் கடைக்கு வந்து, வெயிலைப் பற்றிப் பேசினான், அணைத் தண்ணீரைப் பற்றிப் பேசினான், பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தான்.

"அக்கா, ஒங்க மெஷின்ல சொருகுனா வைரஸ் ஒட்டாதாம்ல. ஒரு பார்ட்டியோட பைல் எல்லாம் மறைஞ்சுபோச்சு. எடுத்துத் தர முடியுமா?"

"ஃபார்மட் பண்ணலயா?"

"பண்ணிட்டா பைல் போயிரும்க்கா."

"இத்தன வருசமா அது தெரியுமா ஒனக்கு?"

எடுத்துக் கொடுத்தாள். காசு வேண்டாம் என்றாள். அவன் நன்றி சொல்ல வாயெடுத்தபோது, "கெளம்பு, ஆளுக வருவாக" என்றாள். அதன்பின் அவன் தானே வராமல் ஆளிடம் பென் டிரைவைக் கொடுத்தனுப்பினான். அவளுக்கும் அதுதான் வசதி.

ஞானசிகாமணி 2009-இல் கடிபட்ட ஆப்பிள் படம் போட்ட ஒரு வெள்ளை லேப்டாப்போடு வந்தார். அதைத் திறந்து பார்க்கவும் முடியாது, திருத்தவும் முடியாது, பங்கு போடவும் முடியாது. சுதந்திரத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "டிசைனப் பாருங்க மேடம்" என்றார். ரம்லத் பார்க்கவில்லை. கேள்வித்தாளை வாங்கி வைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் வேல்விழி கூடலூரில் சொந்தமாகக் கடை போட முடிவு செய்தாள். சொல்லத் தயங்கித் தயங்கி ஒரு மத்தியானம் சொன்னாள். ரம்லத் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போடு. இங்கன இருந்து என்ன செய்யப் போற?"

"எந்த சிஸ்டம் போடலாம்க்கா? நம்ம பாத்ததுல எது நல்லது?"

"ஒன்னும் நல்லதில்ல. இது என் வேலைக்கு ஒத்துப்போச்சு. ஒன் வேலைக்கு எது ஒத்துப்போகும்னு எனக்கு என்ன தெரியும்? நீயே போட்டுப் பாரு."

வேல்விழி போட்டுப் பார்க்கவில்லை. கடை திறப்புக்கு ரம்லத் கூடலூர் போனபோது, கோட்டைச்சாமி உள்ளே நின்று புது மெஷினுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தான். திரையில் விண்டோஸ் எழுந்து நின்றது. அவளைக் கண்டதும் அவன் சந்தனக் கிண்ணத்தோடு கதவுக்குப் பின்னால் ஒதுங்கினான். வேல்விழி கையைப் பிசைந்தாள்.

"கூடலூர்ல பத்திரிகைய விட பிளக்ஸ் போர்டுதான்க்கா ஓடுது. அதுக்கு வேணும்ங்கிற சாப்ட்வேர் நம்ம சிஸ்டத்துல வராதுல்ல."

அது உண்மைதான். ரம்லத்துக்கும் தெரியும். மாப்பிள்ளையைப் புலிமேல் உட்கார வைக்கிற வேலைக்கு டெபியன் தோதுப்படாது. வெளியே தெருமுனையில் அப்படி ஒரு போர்டு ஏற்கனவே நின்றது, காதுகுத்துக்கு. மூன்று எழுத்துப்பிழை.

"சரி, சாப்ட்வேர ஒழுங்கா வாங்கி வச்சுக்க. அவன் சிடிய நம்பாத" என்றாள். கதவுப் பக்கம் பார்த்து, "ஃபார்மட் பண்ணுறேன்னு வந்தான்னா, மொதல்ல பைல எல்லாம் காப்பி எடுத்துக்க. அப்புறம் உள்ள விடு" என்று சத்தமாகச் சொன்னாள்.

இலையில் கேசரி வந்தது. உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டாள். நெய் பத்தாது என்று சொல்லிவிட்டு, வேல்விழியின் கையில் ஒரு கவரைக் கொடுத்துவிட்டு, கம்பம் பஸ்ஸைப் பிடிக்க இறங்கிப் போனாள்.